சுவரை இடிக்கும் முன் மோர்மிளகாய் வறுத்துப் பாருங்கள்

கூடத்துக்கும் அடுக்களைக்கும் நடுவிலுள்ள சுவரை எடுத்துவிட்டால், வந்தவர்களோடு பேசிக்கொண்டே சமைக்கலாம் என்று அடுக்களையை மாற்றிக் கட்டுவது பற்றிய உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். கும்பகோணம் பக்கத்து எங்கள் ஓட்டு வீட்டில் போன வருஷம் அப்படித்தான் இடித்தோம். முதல் நாள் மோர்மிளகாய் வறுத்ததும் கூடத்தில் இருந்த அத்தனை பேரும் இருமிக்கொண்டு திண்ணைக்கு ஓடினார்கள். இப்போது பாதிச் சுவரைத் திரும்ப எழுப்பி, அதன் மேல், தள்ளித் திறக்கிற கண்ணாடி ஜன்னல் வைத்திருக்கிறோம். தாளிக்கும்போது சாத்திக்கொள்வோம், அவ்வளவுதான்.

நீங்கள் சொல்லாமல் விட்டது சமையல் மேடையின் உயரம். கொத்தனார் வழக்கமாகப் போடுகிற 34 அங்குலத்தையே எங்களுக்கும் போட்டார். அம்மா நாலே முக்கால் அடி! பெரிய பாத்திரத்தில் குழம்பைக் கிளற முழங்கை தோளுக்கு ஏறும். ஒரே மாதத்தில் தைல பாட்டில் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் குடிவந்துவிட்டது. நேராக நின்று முழங்கையை மடக்கி, அதிலிருந்து நாலைந்து அங்குலம் கீழே அளந்தால் அதுதான் அவரவருக்கான மேடை. அடுப்பு வைக்கும் பக்கத்தை மட்டும் உடைத்து 30க்கு இறக்கினோம். செலவு இரட்டிப்பு, வேறென்ன.

வெள்ளை மார்பிள் வேண்டவே வேண்டாம். புளியும் எலுமிச்சையும் பட்ட இடமெல்லாம் பளபளப்பு போய்விடும். கறுப்பு கிரானைட் போதும்.

பழைய கடப்பாக் கல்லை மட்டும் நல்லவேளை தூக்கிப் போடவில்லை. பதினெட்டாம் பெருக்குக்கு வந்த அத்தையும் சித்தியும் புது மேடையை எட்டிப் பார்த்துவிட்டு, முற்றத்தில் கிடந்த அந்தக் கல்லில் உட்கார்ந்துதான் சித்திரான்னத்துக்குத் தேங்காய் துருவினார்கள்.