எந்த ராஜா கட்டினான்?

போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் அண்ணன் மகனையும் கூட்டிக்கொண்டு, மும்பையில் பழைய பௌத்தக் குகைகள் இருக்கிற கான்ஹேரி மலைக்குப் போயிருந்தேன். மாஹிமில் ஸ்லோ ட்ரெயின் பிடித்து போரிவலி, அங்கிருந்து ஆட்டோவில் தேசியப் பூங்கா வாசல், அப்புறம் காட்டுக்கு நடுவே பஸ். தாராவியில் பிறந்து நாற்பத்து நாலு வருஷமாக இந்த ஊரில்தான் இருக்கிறேன். இதற்கு முன் அங்கே போனது ஒரே தடவை, பள்ளிக்கூடத்தில் பிக்னிக் என்று அழைத்துப் போனபோது. குரங்கு என் எலுமிச்சைச் சாதத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது மட்டும்தான் அதில் ஞாபகம் இருக்கிறது.

படியேறும்போதே பையன் ஆரம்பித்துவிட்டான். "அத்தை, இதை எந்த ராஜா கட்டினான்?"

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. தஞ்சாவூர் என்றால் ராஜராஜன், மாமல்லபுரம் என்றால் பல்லவன் என்றுதான் நமக்கே பழக்கம். பக்கத்தில் இன்னொரு குடும்பத்துக்கு விளக்கிக்கொண்டிருந்தவர் "சாதவாகனர்கள்" என்று தக்காணத்தை ஆண்ட பழைய ராஜ வம்சத்தின் பெயரை ஒரே சொல்லில் முடித்துவிட்டு அடுத்த குகைக்கு நகர்ந்தார். எனக்குச் சண்டையே இந்தப் பதிலோடுதான்.

முதலில், இது கட்டியதே இல்லை, குடைந்தது. கான்ஹேரி என்றால் கிருஷ்ணகிரி, கருமலை. மழையில் நனைந்த பாறையைப் பார்த்தால் பெயர்க் காரணம் யாரும் சொல்ல வேண்டியதில்லை. கி.மு. 1ஆம் நூற்றாண்டு வாக்கில் தொடங்கி ஏறத்தாழ ஆயிரம் வருஷம், நூற்றுக்கும் மேற்பட்ட குகைகளைக் குடைந்திருக்கிறார்கள். இதற்கெல்லாம் காசு கொடுத்தது யார்? அங்கேயே பிராமி என்கிற பழைய எழுத்தில் வெட்டி வைத்திருக்கிறார்கள். கல்யாண் என்ற ஊரைச் சேர்ந்த பொற்கொல்லர் ஒருவர் தண்ணீர்த் தொட்டி கொடுத்திருக்கிறார். அதே ஊர்க் கொல்லர் ஒருவர் நடைபாதை போட்டுத் தந்திருக்கிறார். சோபாராவிலிருந்து, அதாவது இன்றைய நாலாசோபாராவிலிருந்து, ஒரு வியாபாரி இன்னொரு தொட்டி. பிக்குணிகளும், அதாவது பௌத்தப் பெண் துறவிகளும், தானம் செய்திருக்கிறார்கள். எல்லாரும் பார்க்கப் போகிற மூன்றாம் எண் குகை, அந்தப் பெரிய சைத்தியம், அதாவது தூபி உள்ள வழிபாட்டு மண்டபம், யக்ஞஸ்ரீ சாதகர்ணி என்ற சாதவாகன ராஜா காலத்தது. ஆனால் அதைச் செய்வித்ததாகக் கல்வெட்டு சொல்வது வணிகர்களான அண்ணன் தம்பியை.

நம் ஊருக்கும் இது புதிதில்லை. மதுரை அழகர்மலையில் சமண முனிவர்களின் குகைக்குப் போய்ப் பாருங்கள். உப்பு வணிகன், அறுவை வணிகன், கொழு வணிகன் என்று தமிழ் பிராமியில் வரிசையாக நிற்பார்கள். உப்பு விற்றவனும் துணி விற்றவனும் ஏர்க்கொழு விற்றவனும் சேர்ந்துதான் மலையை முனிவர்கள் தங்கும் பள்ளி ஆக்கினார்கள். நாம் ராஜாவைத் தேடித் தேடி இவர்களைத் தொலைத்துவிட்டோம் என்பது என் வருத்தம்.

சரி, தொட்டிக்கு வருகிறேன். அன்றைக்கு நாங்கள் அதிக நேரம் நின்றது புத்தர் முன்னால் இல்லை, தொட்டி முன்னால்தான். பாறையின் மேல் விரலளவு, கையளவு வாய்க்கால்கள் வெட்டியிருக்கிறார்கள். மழைத்தண்ணீர் அதில் வழிந்து, குகை வாசலுக்குப் பக்கத்தில் குடைந்த தொட்டியில் விழுகிறது. ஒரு குகைக்கு ஒரு தொட்டி என்பதுபோல மலை நெடுக இருக்கின்றன. 'பானிய போடி' என்று கல்வெட்டு சொல்வது இதைத்தான், குடிநீர்த் தொட்டி. அம்மா குனிந்து ஒரு வாய்க்காலில் விரலை வைத்து, தண்ணீர் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்துக்கொண்டே போனாள். முப்பது வருஷம் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து எங்கள் சந்துக் குழாயில் குடத்தை வரிசையில் வைத்தவள். "இங்க தண்ணிக்குச் சண்டையே வந்திருக்காதுல்ல" என்றாள். தொட்டிக்குள் நாலு பிளாஸ்டிக் பாட்டிலும் ஒரு சிப்ஸ் உறையும் மிதந்தன. அதைப் பற்றி அவள் சொன்னதை இங்கே எழுத முடியாது.

மூன்றாம் குகை முன்மண்டபத்தில் இரண்டு பக்கமும் இருபதடிக்கு மேல் உயரமாய் இரண்டு புத்தர்கள் நிற்கிறார்கள். அம்மா செருப்பைக் கழற்றலாமா என்று என்னைப் பார்த்தாள். பலகையில் அப்படி ஒன்றும் போடவில்லை. எல்லாரும் ஷூவோடுதான் உள்ளே போனார்கள். சில பிள்ளைகள் எதிரொலி கேட்க ஊளையிட்டுக்கொண்டிருந்தார்கள். அப்போது நீலக்கரை வெள்ளைப் புடவையில் நாலைந்து மராட்டியப் பெண்கள் வந்தார்கள். செருப்பை வாசலில் வரிசையாக விட்டுவிட்டு உள்ளே போய், தூபிக்கு முன்னால் உட்கார்ந்து "புத்தம் சரணம் கச்சாமி" என்று மெல்லச் சொன்னார்கள். வில்போல் வளைந்த கூரையில் அந்தக் குரல் கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டே இருந்தது. 1956 அக்டோபர் 14இல் நாக்பூரில் அம்பேத்கரோடு பௌத்தம் தழுவிய குடும்பங்களின் பேத்திகளாக இருக்கலாம் என்று நானாக நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை. அம்மாவும் செருப்பைக் கழற்றிவிட்டாள், நானும்.

தொல்லியல் துறைக்கு அது நினைவுச்சின்னம், மற்றவர்களுக்குப் பிக்னிக் ஸ்பாட். எனக்கு அது கோயில். கோயிலென்று நினைப்பவர்கள் இன்னும் வந்துகொண்டிருக்கும்போது அதைச் செத்துப்போன இடமாகப் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை. (பெயர் கிறுக்குபவர்களைத் திட்டலாம் என்றிருந்தேன். 1009இலும் 1021இலும் வந்த பார்சிகள் தொண்ணூறாம் குகையில் பஹ்லவி என்ற பழைய பாரசீக மொழியில் தங்கள் பெயர்களை வெட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். அது இன்றைக்கு வரலாறு. அதனால் வாயை மூடிக்கொண்டேன்.)

திரும்பும்போது பையனுக்காக மெட்ரோவில் ஏறினோம். வழியில் ஒரு ஸ்டேஷன் மாகாட்டாணே. கான்ஹேரிக் கல்வெட்டில் வருகிற அதே ஊர்தான் இது என்று அவனுக்குச் சொன்னேன். பிக்குகளின் துவராடைச் செலவுக்காக, அதாவது காவித் துணிக்காக, இந்த ஊரில் ஒரு வயலையே எழுதிவைத்திருக்கிறார்கள். அவன் மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு, "வயல் எங்க அத்தை?" என்றான். இரண்டு பக்கமும் டவர்கள்தான். ஏதாவது ஒரு கார் பார்க்கிங்குக்குக் கீழே இருக்கும்டா என்றேன்.