வேஷத்தோடு போனவரைக் கொடுத்துவைத்தவர் என்று சொல்லாதீர்கள்

தாரமங்கலம் பக்கத்தில் ஓர் ஊரில் கூத்து. பாரதப் போரின் கடைசி நாளில் துரியோதனன் சாகும் கதையான பதினெட்டாம் போர். விடியற்காலை மூன்று மணி இருக்கும், துரியோதனன் வேஷக்காரர் பாட்டின் நடுவே உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் பிரிந்துவிட்டது.

சாவு வீட்டில் ஒருவர் சொன்னார்: "கொடுத்துவைத்த ஜீவன். வேஷம் கலைக்காமலேயே போய்ச் சேர்ந்துவிட்டது." நாலு பேர் தலையாட்டினார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

அந்த வேஷத்தை யார் கலைத்தது என்று நான் பார்த்தேன். திண்ணையில் கிடத்தியிருந்தார்கள். மகன் தேங்காய் எண்ணெயில் துணியை நனைத்து அப்பாவின் முகத்தைத் துடைத்தான். புருவத்து மையும் கன்னத்துச் சிவப்பும் குழைந்து காதோரம் வழிந்தன. சலங்கைக் கயிறு வேர்வையில் ஊறி இறுகிப்போயிருந்தது. "அறுத்துவிடப்பா" என்றார்கள். அவன் அறுக்கவில்லை, நகத்தால் நெம்பி நெம்பி அவிழ்த்தான். மறுநாள் ஆட்டத்துக்குக் கூத்துக் குழுவான ஜமாவுக்கு அந்தச் சலங்கை வேண்டும்.

நான்கு நாட்களாக நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். ஏன் போனார்? துரியோதனன் இல்லாமல் பதினெட்டாம் போர் ஏது? அவர் படுத்துக்கொண்டால் மத்தளக்காரர், முகவீணைக்காரர், கோமாளி என்று பதினான்கு வீட்டில் அன்றைக்குக் கூலி இல்லை. இதைக் கலைப்பித்து என்று சொல்வது எவ்வளவு சுலபம்!

நாடக வரலாற்றில் இப்படிப் புகழப்படும் சாவுகள் நிறைய உண்டு. பிரெஞ்சு நாடகாசிரியர் மோலியேரை எடுத்துக்கொள்ளுங்கள். 1673 பிப்ரவரி 17 அன்று, இல்லாத நோயை இருப்பதாக நம்பிக்கொண்டிருக்கும் ஒருவனாக மேடையேறினார். உண்மையிலேயே நெஞ்சு நோய் முற்றியிருந்தது. நாடகத்தை முடித்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சில மணி நேரத்தில் இறந்தார். 'நடித்த வேஷமே பலித்துவிட்டது' என்று இதைச் சுவையாகச் சொல்வார்கள். அன்று நடிக்க வேண்டாம் என்று தடுத்தவர்களிடம் அவர் சொன்ன பதிலை அவருடைய பழைய வாழ்க்கை வரலாறு ஒன்று பதிந்து வைத்திருக்கிறது: நாள்கூலியை நம்பி ஐம்பது தொழிலாளிகள் இருக்கிறார்கள், நான் நடிக்காவிட்டால் அவர்கள் என்ன செய்வார்கள்? தாரமங்கலத்துக் கணக்கும் இதேதான். கைதட்டிய ஊரிலேயே, நடிகன் என்பதற்காக அவருக்குக் கல்லறையில் இடம் தரத் திருச்சபை மறுத்தது. மனைவி அரசரிடம் போய் முறையிட்ட பிறகு இரவோடு இரவாகப் புதைத்தார்கள்.

நம் நாடக நடிகர் விசுவநாத தாஸ் மட்டும் என்ன? 1940 டிசம்பர் 31, சென்னை. வள்ளி திருமணத்தில் முருகனாக மயில்மேல் அமர்ந்தபடியே உயிரை விட்டார். முருகனே அழைத்துக்கொண்டான் என்று உருகுகிறோம். அவர் முடிதிருத்தும் மருத்துவர் சாதியில் பிறந்தவர் என்பதால் கூட நடிக்க மறுத்த நடிகைகள் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லி யாராவது உருகியதுண்டா? வெள்ளைக்காரனை எதிர்த்து மேடையில் பாடிப் பலமுறை சிறை சென்றவர். கடைசிவரை கடன் தொல்லை தீரவில்லை. 54 வயதில் போன மனிதரை மயிலோடு சேர்த்துப் படமாக மாட்டிவிட்டோம்.

நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் முடிவைப் பற்றி இப்படி யாரும் உருகுவதில்லை. எத்தனையோ பிள்ளைகளுக்கு வசனமும் பாட்டும் சொல்லிக்கொடுத்த அந்த வாய், பக்கவாதத்தில் பேச்சிழந்தது. 1922இல் அப்படியே போனார். அந்த மௌனத்தில் யாருக்கும் ஒரு காட்சி கிடைக்கவில்லை போலும். எனக்கென்னவோ எல்லாவற்றையும்விட அதுதான் தாங்கமுடியாததாக இருக்கிறது.

காரியம் முடிந்த பிறகு, பேசிய பணத்தைக் கேட்க, ஜமாவை நடத்தும் வாத்தியார் கூத்து நடந்த ஊருக்குப் போனார். துரியோதனன் சாகும் கட்டம் நடக்கவில்லை, கதை முடியவில்லை என்று பாதிப் பணம்தான் கொடுத்தார்கள். கொடுத்தவர்களில் ஒருவர்தான் சாவு வீட்டில் 'கொடுத்துவைத்த ஜீவன்' என்றவர்.

பங்குனியில் எங்கள் ஊர்த் திருவிழா வருகிறது. கூத்துக்குப் பாக்கு வைக்கும்போதே முழுத் தொகையையும் தட்டில் வைத்துவிட வேண்டும், அரிதாரம் பூசும் முன் ஒரு நர்ஸ் வந்து எல்லோருக்கும் ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும், ஒருவருக்கு உடம்பு முடியாமல் வேறு கதை ஆடினாலும் கூலியில் கைவைக்கக் கூடாது என்று ஊர்க்கூட்டத்தில் கேட்டிருக்கிறேன். இரண்டு பெரியவர்கள் சம்மதித்துவிட்டார்கள். மற்ற மூவரின் வீட்டுக்கு இன்று மாலை போகிறேன்.