ஆயருக்குக் குணமாச்சா என்று யாரிடம் கேட்பது?

மிஷனரிகளுக்கும் ஆயர்களுக்கும் என்றே அமெரிக்காவில் தனி மனநல மையங்கள் இருக்கின்றன. ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டாம். பக்கத்தில் தங்கிக்கொண்டு, சில வாரங்களுக்கு, வாரத்தில் பல நாள் உளவியலாளரோடு உட்கார்ந்து பேச வேண்டும். சென்னையிலும் அப்படி ஒன்று வேண்டும் என்று எங்கள் சபை நண்பர்களிடையே பேச்சு. தாராளமாக வரட்டும். 1903ல் திருநெல்வேலியில் இந்தியன் மிஷனரி சொசைட்டி தொடங்கிய காலத்திலிருந்து வெளி மாநிலங்களுக்கு ஆள் அனுப்பிக்கொண்டே இருக்கிறோம். திரும்பி வந்தவர் தூங்குகிறாரா என்று யாரும் கேட்பதில்லை.

என் கேள்வி வேறு. சிகிச்சை பலித்ததா என்று எப்படிப் பார்ப்பது?

வழக்கமாக, வரும் அன்றும் கிளம்பும் அன்றும் ஒரே கேள்வித்தாளைக் கொடுப்பார்கள். பெக் மனச்சோர்வு அட்டவணை என்றால் 21 கேள்வி, அதிகபட்சம் 63 மதிப்பெண்; மதிப்பெண் கூடினால் சோர்வும் கூடுதல் என்று அர்த்தம். முப்பதில் வந்தவர் பன்னிரண்டில் போனால் வெற்றி! அடக்க ஆராதனையும் கமிட்டிச் சண்டையும் இல்லாத இடத்தில் மூன்று வாரம் தூங்கி எழுந்தாலே பாதி இறங்கிவிடாதா? அதுவும் ரொம்ப முடியாமல் போன நேரத்தில்தான் ஆள் வந்தே சேருவார்; நாள்பட்டாலே கொஞ்சம் தேறும். இடத்துக்காகக் காத்திருப்பவர்களுக்கும் அதே தாளைக் கொடுத்து ஒப்பிட்டால்தான் விஷயம் தெரியும்.

அதைவிடப் பெரிய சிக்கல், இவர்களுக்குச் சாட்சி சொல்லியே பழக்கம். "எப்படி இருக்கீங்க பாஸ்டர்?" "கர்த்தருடைய கிருபையால நல்லா இருக்கோம் பிரதர்." கல்லறைத் தோட்டத்திலிருந்து வந்த கையோடு, அங்கி மடிப்பில் மண் ஒட்டியிருக்க, கண் சிவந்திருக்கக் கேட்டாலும் இதே பதில்தான். பாஸ்டரம்மாவைக் கேளுங்கள். ஒரு வருஷம் கழித்து, அதே குருசேகரத்துக்கோ (ஆயரின் பொறுப்பில் உள்ள சபைகள்) பணித்தளத்துக்கோ திரும்பிய பிறகு கேளுங்கள்: ராத்திரி தூங்குகிறாரா, பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறாரா?

ஊழியத்தில் நீடித்தால் வெற்றி, விலகினால் தோல்வி என்று கணக்கு எழுதுவதும் எனக்குச் சம்மதமில்லை. விலகி, ஒரு பள்ளிக்கூட வேலையில் நிம்மதியாக இருப்பவர் எந்த வகையில் தோற்றார்?

கடைசியாக ஒன்று. சிகிச்சைக்குப் பணம் கட்டுவதும் டிரான்ஸ்பர் போடுவதும் ஒரே கை என்றால் எவர் உண்மையை எழுதுவார்? 2017ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் ரகசியத்தை உரிமையாகவே தருகிறது. நம் சபைகளிலோ ஜெபக்குறிப்பு என்ற பேரில் வாட்ஸாப் குழுவில் ஏறிவிடும். மொத்தக் கணக்கு மட்டும் சபைகளை நிர்வகிக்கும் பேராயத்துக்குப் போகட்டும். பேர் எழுதிய தாள் மையத்தின் வாசலைத் தாண்டக் கூடாது. இதை எழுத்தில் தராதவர்கள் காணிக்கை கேட்டு வந்தால் நான் ஒரு ரூபாய் தர மாட்டேன்.