பாசன ஏரியும் தோட்டத்துக் குட்டையும் ஒன்றல்ல
ஒருவர் தம் நிலத்தில் தேக்கிய நீர் வெளியேறிச் சேதம் விளைத்தால், கவனக்குறைவை நிரூபிக்காமலேயே இழப்பீடு பெறலாம் என்ற ரைலண்ட்ஸ் எதிர் ஃபிளெட்சர் (1868) எனும் இங்கிலாந்து வழக்கின் விதி இந்தியாவிலும் மாற்றமின்றி ஏற்கப்பட்டது என்று ஒரு கட்டுரை கூறுவது சரியன்று. கார்வேட்டிநகரம் ஜமீன்தாரின் ஏரிகள் பெருமழையில் உடைந்து சென்னை ரயில்வே நிறுவனத்தின் கட்டுமானங்களைச் சேதப்படுத்திய வழக்கில், பாசன ஏரிகள் மக்களின் பிழைப்புக்கு இன்றியமையாதவை, அவற்றைப் பேணுவது ஜமீன்தாரின் கடமை என்ற காரணங்களால், கவனக்குறைவு இல்லாதபோது அவர் பொறுப்பாளி ஆகமாட்டார் என அன்று இந்திய வழக்குகளுக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் 1874-இலேயே தீர்ப்பளித்தது. ஆனால் கோத்தகிரியில் எங்கள் வீட்டுக்கு மேலே, தேயிலைச் சரிவில் ஒருவர் சொந்த உபயோகத்துக்கு வெட்டிய குட்டை கரை உடைந்து எங்கள் தடுப்புச்சுவரைச் சாய்த்தது (வழக்குக்குப் போகாமல் பேசித் தீர்த்துக்கொண்டோம்). ஊருக்குப் பயன்படும் ஏரிக்கு அளித்த அந்த விலக்கை இத்தகைய குட்டைக்கும் நீட்ட, அத்தீர்ப்பின் காரணங்களே இடம் தரவில்லை என்று கருதுகிறேன்.