மேலேருந்து வந்த உத்தரவு

வந்தவர்: அம்மா, இந்தக் கோயில்ல எனக்குன்னு ஒரு காரியம் காத்துக்கிட்டிருக்கு. அதான் வந்திருக்கேன்.

அம்மா: வந்துட்டீங்களா! ஆள் அனுப்புங்க, ஆள் அனுப்புங்கன்னு கேட்டுக் கேட்டு வாய் வலிச்சுப்போச்சு. யாரு அனுப்புனாங்க?

வந்தவர்: (கண்ணை மூடி) மேலேருந்து உத்தரவு.

அம்மா: மேலேருந்துன்னா, நாகப்பட்டினமா?

வந்தவர்: இன்னும் மேல.

அம்மா: மெட்ராசுலேருந்தேவா! காயிதம் இருக்கா?

வந்தவர்: காயிதத்துல வர்ற உத்தரவு இல்லம்மா. விடியக்காலை மூணு மணிக்கு நெஞ்சுக்குள்ள வந்துச்சு.

அம்மா: அதைக் காட்டுனா சம்பளம் போட மாட்டாங்க தம்பி. சரி, அப்புறம் பாத்துக்கலாம். இந்தாங்க, வௌக்கமாறு.

வந்தவர்: எனக்கா?

அம்மா: பின்னே, நந்திக்கா? நேத்துப் பிரதோஷம்.

(பிரதோஷத்துக்கு மறுநாள் காலையில் கோயிலுக்குப் போய்ப் பாருங்கள். பால் கவரையும் எண்ணெய்ப் பிசுக்கையும் பார்த்தால், முந்தின நாள் வந்தது பக்தர்களா பொருட்காட்சிக் கூட்டமா என்று சந்தேகம் வரும்.)

வந்தவர்: நான் சம்பளத்துக்கு வரலம்மா. சிங்கப்பூர்ல எல்லாத்தையும் விட்டுட்டு வந்திருக்கேன்.

அம்மா: சம்பளமும் வேணாமா! நல்ல உத்தரவாத்தான் வந்திருக்கு. மேலண்டைப் பிராகாரம் உங்களுக்கு.

வந்தவர்: அதில்ல. மாசாமாசம் அன்னதானம் போடலாம்னு ஒரு எண்ணம்.

அம்மா: போடுங்க. எலையை யாரு எடுக்கறது?

வந்தவர்: சரி, ஆயிரத்தெட்டு நெய் விளக்கு?

அம்மா: ஏத்துங்க. அகலை யாரு பொறுக்கறது? அது நெய்யும் இல்ல, டால்டா. கல்லுல ஒட்டுனா உசுரே போனாலும் போகாது.

வந்தவர்: ஒரு பெரிய யாகம்?

அம்மா: சாம்பலை யாரு அள்ளுறது?

வந்தவர்: எதைச் சொன்னாலும் கூட்டறதுலயே நிக்கிறீங்களே!

அம்மா: அதுலதானே தம்பி என்னை நிக்க வச்சிருக்காங்க.

(பேச்சுவாக்கில் வந்தவர் கையிலிருந்த மீதித் திருநீற்றைத் தூணில் தட்டுகிறார்.)

அம்மா: தூணுக்கு நெத்தி எங்க இருக்கு தம்பி?

வந்தவர்: பழக்கதோஷம். அது கெடக்கட்டும், சந்நிதியில ஒரு டியூப் லைட் உபயம் பண்ணிடறேன். பேரு மட்டும் சின்னதா.

அம்மா: ஏற்கெனவே நாலு எரியுது. வெளிச்சம் வர்ற எடம் பூரா தாத்தா பேரு, பாட்டி பேரு, பேரன் படிச்ச படிப்பு. குருக்கள் செல்போன் டார்ச்சை அடிச்சுத்தான் சாமிக்குப் பூ சாத்துறாரு.

வந்தவர்: ராஜராஜ சோழனே கல்லுல பேரு வெட்டலையா?

அம்மா: வெட்டினாரு. அந்தக் காலத்துல ஒரு வெளக்கு அணையாம எரியறதுக்கு 96 ஆடு கொடுத்தாங்களாம். நீங்க 96 ஆட்டை ஓட்டிக்கிட்டு வாங்க, உங்க பேரையும் வெட்டச் சொல்றேன்.

வந்தவர்: (யோசித்து) ஆடு... வாங்கிடலாம்.

அம்மா: அய்யய்யோ, வேணாம்! புழுக்கையை யாரு கூட்டறது?

வந்தவர்: ஆடு கணக்கெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?

அம்மா: கல்வெட்டுப் படிக்கக் காலேஜ் புள்ளைங்க வந்துச்சு. அதுங்கதான் சொல்லுச்சு. தஞ்சாவூர் பெரிய கோயில்ல வெளக்கு ஏத்துறவன், தண்ணி தெளிக்கிறவன், கொடை புடிக்கிறவன், துணி வெளுக்கிறவன்னு ஒவ்வொருத்தருக்கும் இத்தனை பங்கு நெல்லுன்னு கல்லுல வெட்டிப் போட்டிருக்காம். ஆயிரம் வருசத்துக்கு முந்தி. என் சம்பளத்தை இன்னைக்கு வெட்டச் சொன்னா, சிற்பி உளியைக் கீழ போட்டுட்டு அவரு கையிலேருந்து அம்பது ரூவா குடுத்துட்டுப் போவாரு.

வந்தவர்: அவ்வளவு கம்மியா?

அம்மா: கூட்டுங்க, சொல்றேன்.

வந்தவர்: எனக்கு முட்டி வலிம்மா. குனிய முடியாது.

அம்மா: அப்பர் சாமி 81 வயசு இருந்தாருன்னு ஓதுவாரு சொல்வாரு. பக்கத்துல திருப்புகலூர்ல உழவாரத்தால புல்லு செதுக்குனவரு. செதுக்குற எடத்துல பொன்னும் மணியும் கெடந்துச்சாம். கல்லோட கல்லா வாரிக் கொளத்துல எறிஞ்சுட்டாராம்.

வந்தவர்: எந்தக் குளம்?

அம்மா: இதைத்தான் கேப்பீங்கன்னு தெரியும்.

வந்தவர்: சும்மா, தரிசனத்துக்குத்தான்.

அம்மா: பொன்னு வேணும்னா செங்கல்லைத் தூக்கிக்கிட்டுப் போங்க. சுந்தரர் சாமிக்குச் செங்கல்லு பொன்னானதும் அதே ஊருதான். வீடு கட்டறவங்க செங்கல்லோட வந்து பூசை போட்டுட்டுப் போறாங்க. செங்கல்லு தூக்கிக்கிட்டு வர்றவங்களைப் பாத்திருக்கேன், உழவாரத்தைத் தூக்கிக்கிட்டு வந்தவங்களைக் காணும்.

வந்தவர்: சரிம்மா, தோத்துட்டேன். ஒரே ஒரு போட்டோ. நான் வௌக்கமாறு புடிச்ச மாதிரி.

(எனக்கு இதில் ஆச்சரியமில்லை. இவ்வளவு நேரம் போட்டோ பேச்சு வராததுதான் ஆச்சரியம்.)

அம்மா: போட்டோவுல நீங்க அடிக்க வர்ற மாதிரி இருக்கும். வீடியோ எடுக்கறேன், குடுங்க. பேத்தி சொல்லிக் குடுத்திருக்கா.

வந்தவர்: கூட்டணுமா?

அம்மா: கூட்டாம நின்னா அது போட்டோ. ம்... அப்படியே பின்னால போங்க. இன்னும் கொஞ்சம். தூண் இடுக்குல குனிஞ்சா மொகம் நல்லா விழும்.

வந்தவர்: (மூச்சிரைக்க) விழுந்துச்சா?

அம்மா: தட்சிணாமூர்த்தி வரைக்கும் வந்திருக்கு. சண்டிகேசுவரர் இன்னும் வரல.

வந்தவர்: இப்ப?

அம்மா: மேலண்டைச் சுவரு ஓரம் விட்டுப்போச்சு. திரும்ப வாங்க.

வந்தவர்: (ஒரு சுற்று முடித்து) போதும்மா, காட்டுங்க. குரூப்புல போடணும்.

அம்மா: அது தட்சிணாமூர்த்திகிட்டயே அணைஞ்சுபோச்சு தம்பி, சார்ஜ் இல்ல. அந்தக் கோமுகி ஓரமா ஒரு பால் கவர் கெடக்கு பாருங்க, அதையும் எடுத்துடுங்க.