மூன்று வருடம் தாமதமாம்!

சனிக்கிழமை விழாவில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இரண்டு நாட்களாக இருந்தேன். வந்திருந்தவர்களுக்குத் தெரியும், வராதவர்களுக்கு வீடியோ வந்திருக்கும். கனடாவில் விழாத் தொடக்கத்தில் அந்த நிலம் எந்தப் பழங்குடிகளுடையது என்று வாசிப்பது வழக்கம். "கால்கரி ஏழாம் ஒப்பந்த நிலத்தில் இருக்கிறது" என்று மேடையில் ஒரு பெண் வாசிக்கத் தொடங்கியதும் முன்வரிசை அண்ணன் ஒருவர், "கையெழுத்துப் போட்டுக் கொடுத்த நிலம்தானே, சட்டப்படி முடிந்த விஷயம். இன்னும் எத்தனை வருடம் இந்தப் பாட்டு?" என்றார். கூட்டம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. மன்னிக்கவும், எனக்கு நகைச்சுவை உணர்வு கொஞ்சம் குறைவு.

சரி, சட்டப்படியே பேசுவோம். அரசுக்கும் பழங்குடிகளுக்கும் இடையே 1877 செப்டம்பரில் பிளாக்ஃபுட் கிராசிங்கில் எழுதப்பட்ட அந்த ஏழாம் ஒப்பந்தத்தில் ஐந்து பேருக்கு ஒரு சதுர மைல் என்பது அரசே போட்ட கணக்கு. அந்தக் கணக்கின்படியே பிளாக்ஃபுட் மக்களில் ஒரு பிரிவான கைனாய் மக்களுக்கு 162.5 சதுர மைல் குறைத்து அளந்தார்கள். 1980இல் வழக்குப் போட்டார்கள். 2024 ஏப்ரலில் கனடா உச்ச நீதிமன்றம் சொன்னது: ஆமாம், குறைத்துத்தான் கொடுத்தார்கள், அரசு நேர்மை தவறியது உண்மை. ஆனால் 1971 வாக்கிலேயே உங்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும், ஆறு வருடத்துக்குள், அதாவது 1977க்குள், வந்திருக்க வேண்டும், மூன்று வருடம் தாமதம், வழக்கு காலாவதி! கையில் கிடைத்தது, அரசு வாக்குத் தவறியது என்று சொல்லும் ஒரு பிரகடனம்.

பிளாக்ஃபுட் மக்கள் புனிதக் குழாயில் புகைத்து, படைத்தவனைச் சாட்சி வைத்து வாக்குக் கொடுப்பவர்கள். அந்த வாக்குக்கு ஆறு வருடக் கெடு எங்கிருந்து வந்தது? 1877இல் நடந்தது சமாதான உடன்பாடு, நிலத்தை விற்ற பத்திரம் அல்ல என்றுதான் அவர்களுடைய முதியவர்கள் தலைமுறைகளாகச் சொல்லி வருகிறார்கள். அண்ணன் சொன்ன கையெழுத்து, தலைவர்களின் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு பெருக்கல் குறி.

"முன்பே வந்திருக்கலாமே" என்பீர்கள். 1927 முதல் 1951 வரை இப்படி வழக்கு நடத்த அரசின் அனுமதியில்லாமல் பணம் திரட்டுவதே குற்றம். "அதற்குப் பிறகு 29 வருடம் இருந்ததே?" இருந்தது. சூரிய நடனச் சடங்குகளை 1895இல் குற்றமாக்கிய, பிள்ளைகளை உறைவிடப் பள்ளிகளுக்கு அள்ளிக்கொண்டு போன அரசின் வாசலில் எத்தனை வேகமாகப் போய் நிற்பீர்கள் என்று நீங்களே சொல்லுங்கள். "நாட்டிலேயே பெரிய ரிசர்வ், பழங்குடிகளுக்கென ஒதுக்கிய நிலம், அவர்களுடையதுதானே?" ஆமாம். பெரிய மூட்டை வாங்கினால் எடையில் அடிக்கலாமா?

என் பழைய வேலையிடத்தில் கைனாய் அக்கா ஒருவர் இருந்தார். ஒப்பந்தப்படி வருடத்துக்கு ஆளுக்கு ஐந்து டாலர் இன்னும் கொடுக்கிறார்கள். அதை வாங்குவதற்கு அவர் விடுப்பு எடுத்தார். "ஐந்து டாலருக்கா?" என்று நான் அசட்டுத்தனமாகக் கேட்டுவிட்டேன். மறுநாள் அந்த நோட்டைக் கொண்டுவந்து எனக்குக் காபியும் டோனட்டும் வாங்கினார். போதவில்லை, மிச்சச் சில்லறையை நான் போட்டேன். "என் தாத்தாவுக்கும் இதே ஐந்துதான்" என்று சிரித்தார். ஐந்து டாலர் மட்டும் காலாவதியாகவில்லை, பாருங்கள்.

"அப்படியானால் நீ ஊருக்குத் திரும்பிப் போ" என்று கீழே எழுதப் போகிறவர்களுக்கு: நன்றி, அதைப் பேருந்தில் வெள்ளைக்காரர்கள் வாயாலேயே ஏற்கெனவே கேட்டிருக்கிறேன். உங்களிடமிருந்து வரும்போதுதான் வலிக்கிறது.

அண்ணா, நீங்களும் நானும் ஒரே மண்டபத்தில்தான் குடியுரிமை வாங்கினோம். முதற்குடிகளின் ஒப்பந்த உரிமைகளை ஏற்று உறுதிசெய்யும் அரசியலமைப்பு உட்பட கனடாவின் சட்டங்களைக் கடைப்பிடிப்பேன் என்ற வரி உறுதிமொழியில் இருந்தது, அந்த உரிமைகளைப் பற்றிய பகுதி 2021இல் சேர்த்தது. வலக்கையை உயர்த்தி என்னைவிடச் சத்தமாகச் சொன்னீர்கள். அன்று இரவு உங்கள் வீட்டில் சாப்பிட்டோம், அண்ணி கறி கொடுத்து அனுப்பினார். சனிக்கிழமையிலிருந்து என் அழைப்பை நீங்கள் எடுப்பதில்லை. அந்தப் பாத்திரம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து தருகிறேன்.