இல்லாத விமானத்துக்கு எதற்குப் பயண நேரம்?

மட்டக்களப்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு விமானத்தில் எவ்வளவு நேரம் என்று கூகிளில் தேடிப் பாருங்கள். ஏறக்குறைய 290 கிலோமீற்றர், ஒரு மணித்தியாலத்துக்கும் குறைவு என்று பதில் வந்து விழும். எனக்குப் பத்திக்கொண்டு வருகிறது. அந்த விமானம் எங்கே? நான் எந்தத் திகதியைப் போட்டுத் தேடினாலும் ஒரு ரிக்கெட் காட்டவில்லையே!

கனடாவில் இருக்கிற அண்ணன் இதைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் எடுக்கிறார். "அம்மாவை ஏன்டா பஸ்ஸில போட்டு இழுத்தடிக்கிறாய்? பிளேனில ஏத்திவிடன், காசு நான் போடுறன்." முழங்கால் வலியோடு மகளைப் பார்க்கப் போகிற அம்மாவுக்கு முன்னால் நான் கஞ்சப் பிள்ளையாகிவிட்டேன்.

அந்தக் கணக்கு எப்படி வருகிறது தெரியுமா? இரண்டு விமான நிலையங்களின் மூன்றெழுத்துக் குறியீட்டை எடுத்து, நடுவே நேர்கோடு போட்டு, பெரிய ஜெட் விமானத்தின் வேகமான மணிக்கு 800 கிலோமீற்றரால் வகுக்கிறார்கள். 22 நிமிடம் வரும். ஏறி இறங்க அரை மணித்தியாலம் சேர்த்தால் 52 நிமிடம். சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்தின் விமான நிலையமான பலாலிக்கு வந்த ஏ.ரி.ஆர். என்ற சின்னக் காற்றாடி விமானமே அந்த வேகத்துக்குக் கிட்டவும் போகாது. பலாலியில் இறங்கினாலும் யாழ் நகரத்துக்கு இன்னும் 15 கிலோமீற்றருக்கு மேல் இருக்கிறது. அதையெல்லாம் யார் எழுதுகிறார்கள்?

எங்கள் உண்மையான பயண நேரம் வேறு. இரவு பஸ் ஏறினால் விடியத்தான் யாழ்ப்பாணம். வாழைச்சேனை, பொலநறுவை, ஹபரணை என்று உள்ளே போய், அப்புறம் வவுனியாவுக்கு ஏறி, கிளிநொச்சி தாண்ட வேண்டும். ஹபரணைப் பக்கம் யானை றோட்டில் நின்றால் அது போகும்வரை காத்திருக்க வேண்டியதுதான். வாகரை, திருகோணமலை வழியாகப் போனாலும் பெரிய வித்தியாசம் இல்லை. ரயில் என்றால் மேற்கே மாகோ வரை இழுபட்டுப் போய், அங்கே வடக்கு ரயிலுக்கு மாற வேண்டும். வயதுபோனவர்கள் பெட்டியும் பையுமாக மேடையில் நின்று தவிக்கிறார்கள்.

இத்தனைக்கும் மட்டக்களப்பில் ஓடுபாதை இருக்கிறது. 2016 இல் புதுப்பித்துத் திறந்தார்கள், 2018 இல் சிவில் விமான நிலையமாக்கினார்கள், பெயரில் 'சர்வதேச' என்றும் ஏற்றிவிட்டார்கள். பலாலி 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. இரண்டுக்கும் நடுவே எங்களைப் போன்றவர்கள் ஏறிப் போக ஒரு சேவை இல்லை.

தூரம் கணக்குப் போடுகிறவர்களே, சேவை இல்லையென்றால் இல்லை என்று முதல் வரியிலேயே எழுதுங்கள். விமான நிலையம் திறந்து றிபன் வெட்டியவர்களே, கிழமைக்கு இரண்டு தரமாவது ஒரு சின்ன விமானம் விடுங்கள். எங்கள் அம்மாமார் ஏறுவார்கள்.